வளையல்களோடு தொடங்கிய வகுப்பு

ஏரியிலிருந்து வந்த ஒரு கூடைக் களிமண்ணும், தெருவில் நாலைந்து வீடுகளில் கேட்டு வாங்கிய புளியங்கொட்டையும்தான் என்னுடைய முதல். இரண்டையும் எதற்காகச் சேர்க்கிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை அப்படி நடந்திருக்காது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. அரியலூரில் ரயிலடிக்குப் போகும் வழியில் எங்கள் ஓட்டு வீடு இருந்தது. என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. மாமனார், மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்கள். அவருடைய அக்காவைப் பெரம்பலூரில் கொடுத்திருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை.

நான் விக்கிரமங்கலத்துப் பக்கம் பிறந்தவள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் தங்கி எட்டாவது வரை படித்தேன். அங்கே பெரிய வகுப்புப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு மத்தியானத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு அது பெரிய தண்டனை. நான் அவர்களுடைய முறையையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்வேன். களிமண்ணில் பழம் செய்வது, காகிதம் மடிப்பது, கைதட்டிப் பாடுவது, கொட்டைகளை வைத்து எண்ணுவது எல்லாம் அங்கே கற்றதுதான். வாத்தியார் பயிற்சிக்கும் போயிருப்பேன். ஆனால் சேர்க்கைக்கு முன்னால் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். என் பெயரைத்தான் முதலில் கேட்டார்கள். அதற்கே எனக்குப் பேச்சு வரவில்லை.

பெரியவர்கள் முன்னால் எனக்கு எப்போதும் அப்படித்தான். கடையில் உப்பு வேண்டுமென்றால் உப்புப் பானையை விரலால் காட்டுவேன். தெருவில் புளியங்கொட்டை வாங்கியதும் அப்படிக் கையைக் காட்டித்தான். சின்னப் பிள்ளைகளிடம் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன்.

எங்கள் தெருவில் மூன்று வயதும் நாலு வயதுமாக ஏகப்பட்ட பிள்ளைகள். ஐந்து முடிந்து, விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைத்த பிறகுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். அதுவரை நாளெல்லாம் தெருவில் புழுதிதான். வண்டி மாட்டின் காலுக்கடியில் ஒருநாள் ஒரு குழந்தை போய் நின்றுகொண்டு, மாட்டின் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவரிடம் கேட்டேன்.

"என்னங்க, நம்ம முன்னறையில சின்னப் புள்ளைங்களுக்கு வகுப்பு நடத்தட்டா?"

"என்னா வகுப்பு?"

"பாட்டு, கதை, களிமண்ணுல செய்யறது, எண்ணறது."

"எழுத்து?"

"எழுத்து இல்லீங்க. அது பள்ளிக்கூடத்துல சொல்லித் தருவாங்க. இது அதுக்கு முன்னாடி."

"எழுத்தே இல்லாத பள்ளிக்கூடமா?" என்று அவர் சிரித்தார். பிறகு மோரை ஊற்றிக்கொண்டே, "கடலை மண்டிக்காரரு அந்த ரூமைக் கேட்டுக்கிட்டிருக்காரே. இந்த வருஷம் கடலை நல்ல வெளச்சல், மண்டியில எடமில்லை, மழை வேற வருதுங்கறாரு" என்றார்.

அப்போது அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"சரி, ஒண்ணு செய்யி. கார்த்திகை பொறக்கறதுக்குள்ள பத்துப் புள்ளைங்க சேந்தா ரூம் உனக்கு. இல்லாட்டி மூட்டைக்கு. ஆனா ஒண்ணு, சும்மா கூட்டிவச்சா நாலு நாள்ல கலைஞ்சிடும். சம்பளம் கேளு. மாசம் நாலணா கேளு. காசு குடுத்தாத்தான் ஒழுங்கா அனுப்புவாங்க."

பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் பணத்தை அப்போது சம்பளம் என்றுதான் சொல்வோம். நான் வீடு வீடாகப் போய் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று வகுப்பு. இன்னொன்று நாலணா. அடுப்பின் முன்னால் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "வகுப்பு வச்சிருக்கேன். மாசம் நாலணா சம்பளம்." அடுப்பிடம் நன்றாகத்தான் சொன்னேன்.

ஆனால் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது? விசேஷத்துக்கு அழைக்கப் போகிறவர்கள் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு போவார்கள். கையில் ஏதாவது இருந்தால் எனக்கும் கொஞ்சம் தைரியமாக இருக்கும் என்று நினைத்தேன். மாமியாரின் வெள்ளிச் சிமிழைத் துடைத்து எடுத்துக்கொண்டேன். தட்டில் வெற்றிலையும் கொஞ்சம் பூவும் வைத்துக்கொண்டேன். புதன்கிழமை கிளம்பினேன்.

முதல் வீட்டில் குங்குமத்தை நீட்டினேன். அந்த அம்மாள் இட்டுக்கொண்டு, "என்னா விசேஷம்?" என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். "வெள்ளிக்கெழமை சாயங்காலம் வூட்டுக்கு வாங்க. புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. வகுப்பும் நாலணாவும் தொண்டையிலேயே நின்றுவிட்டன. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "போம்மா, வெயில்ல நிக்காதே" என்றாள். அவ்வளவு பிரியமாக அவள் அதற்கு முன் என்னிடம் பேசியதில்லை.

எல்லா வீட்டிலும் இதேதான். மண்டிக்காரர் வீட்டிலும் போய்ச் சொன்னேன். அவர் மனைவி என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தார். அவருடைய வீட்டுக்காரர் கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம். அந்த அக்காவுக்குக் குங்குமம் நீட்டாமல் பூவை மட்டும் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லா கண்ணத் தொறந்துட்டான்மா" என்றார். வகுப்புக்கு இவ்வளவு ஆதரவா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வெள்ளிக்கிழமை வரட்டும், அங்கே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிற்பாடுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. ஏரிக் களிமண் வாங்கினாள், வீடு வீடாகப் புளியங்கொட்டை கேட்டாள் என்பதிலேயே தெருவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. மண்ணையும் புளிப்பையும் தேடுகிறவள் யார்? மசக்கைக்காரிதானே. அந்தக் கொட்டையில் ஒட்டியிருக்கும் புளியைச் சப்பித் தின்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். அப்புறம் ஆறு வருடமாக வாசலை எட்டிப் பார்க்காதவள் குங்குமச் சிமிழோடு வந்து, என்ன விசேஷம் என்றால் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாள். வேறு என்னதான் நினைப்பார்கள்? "வயிறு தெரியலையே" என்று ஒருத்தி கேட்டாளாம். "அது ஒல்லி ஒடம்பு. அஞ்சாம் மாசத்துலயே வளையல் போடறவங்க இல்லையா?" என்று இன்னொருத்தி. "மாமியாரா இருக்கா, நாத்தியா இருக்கா கூட? பாவம், தானே வந்து கூப்புட்டுட்டுப் போவுது" என்று எல்லோருக்கும் இரக்கம்.

கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட அந்த இரண்டு நாளும் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். "மிட்டாய் எங்க சார்?" என்று கேட்டார்களாம். இவர் தனக்கு ஆபீஸில் உயர்வு வந்து, அது தனக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முன்னறையை மெழுகி வைத்தேன். மூலையில் பானையில் பிசைந்த களிமண். ஒரு தட்டில் புளியங்கொட்டை. வாசலில் ஒரு தவலைத் தண்ணீரும் தேங்காய்ச் சிரட்டையும் வைத்தேன், பிள்ளைகள் கால் கழுவிக்கொண்டு உள்ளே வர. ஏழெட்டுப் பிள்ளைகள் வந்தால் போதும் என்று இருந்தது.

பெண்கள் வந்தார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். தலை நிறையப் பூ. தாம்பாளங்களில் தேங்காய், பழம், சந்தனக் கிண்ணம், பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். பிள்ளைகளுக்கும் தலை வாரிப் பொட்டு வைத்துச் சட்டை போட்டிருந்தார்கள். வகுப்புக்கு இது கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. அதற்குள் யாரோ மணையைப் போட்டு என்னை உட்கார வைத்துவிட்டார்கள். கன்னத்தில் சந்தனம் ஜில்லென்று பட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில், "என் தம்பி பொண்டாட்டிக்கு வளையல் போடறாங்க, எனக்கே ஒரு வார்த்தை சொல்லலையா?" என்று ஒரு குரல். பெரம்பலூர் அண்ணி. மண்டிக்குக் கடலை கொண்டு வந்த பெரம்பலூர்க்காரர் ஒருவர் திரும்பிப் போய்ச் செய்தி சொல்லியிருக்கிறார். அண்ணி புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் கிளறித் தூக்குகளில் எடுத்துக்கொண்டு, பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடிய கரி பஸ் ஏறி வந்து நின்றார். முகமெல்லாம் கரி. கண் கலங்கி, அந்தக் கரியில் கோடு கோடாக இறங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு பச்சை வளையலை எடுத்து என் கையைப் பிடித்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். "இல்லீங்க" என்றேன். "என்னம்மா இல்லே?" என்றார் அக்கா. அத்தனை முகங்களும் என்னையே பார்த்தன. நான் மணையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

என்னைக் காப்பாற்றியது களிமண்தான். பெரியவர்கள் என்னைச் சுற்றி நின்றபோது பிள்ளைகள் மூலையில் பானையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மண்டிக்காரரின் மகளுக்கு நாலு வயது இருக்கும். பட்டுப்பாவாடையோடு அந்தப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள். "ஐயோ, பாவாடை!" என்று அவள் அம்மா கத்தினாள். நான் மணையிலிருந்து எழுந்து அங்கே போய்விட்டேன்.

"எல்லாரும் வாசலுக்குப் போயி, சிரட்டையில தண்ணி மொண்டு, கால் கழுவிட்டு வாங்க பாப்போம். கால் கழுவினவங்களுக்குத்தான் மண்ணு" என்றேன். பிள்ளைகள் ஓடினார்கள். வட்டமாக உட்கார வைத்தேன். ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தேன். "உருட்டு உருட்டு, எலுமிச்சங்கா. தட்டு தட்டு, தோசை. இன்னொண்ணு மேல வையி, என்னா ஆச்சு?" என்றேன். "ரெண்டு தோசை!" என்று கத்தினார்கள். கன்னத்தில் சந்தனத்தோடு, நெற்றியில் வழிந்த குங்குமத்தோடு நான் கைதட்டிப் பாடினேன். பின்னால் யாரும் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

"யா அல்லா, இது பள்ளிக்கூடம்மா!" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

பெண்களுக்குள் முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். இன்னொருத்தி, "இந்தப் பொண்ணுக்கு இவ்ளோ பெரிய கொரலா? ஆறு வருஷமா எங்க வச்சிருந்தா?" என்றாள். சிரிக்காதவர் ஒருவர்தான். அண்ணி தூக்குகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வழியில மூணு எடத்துல பஸ் நின்னுபோச்சு. ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளினாங்க. நான் மட்டும் எறங்கலை. மடியில சாதம் இருக்கு, எம் பொண்ணுக்கு வளையலுன்னு சொன்னேன். கண்டக்டர் சரின்னுட்டான்."

"அண்ணி, நான் யார்கிட்டயும் அப்படிச் சொல்லலை."

"நீதான் எதையுமே சொல்ல மாட்டியே. அதான் வந்தது வெனை." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கரி இன்னும் பரவியது. கொஞ்ச நேரம் முன்னறைச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். "அதுங்க வயித்துக்கு எதாவது குடுத்தியா?"

"இல்ல அண்ணி."

"நல்ல வாத்தியாரம்மா போ" என்று எழுந்தார். தூக்குகளை முன்னறைக்குக் கொண்டுவந்து, களிமண் கைகளைக் கழுவ வைத்து, பிள்ளைகளுக்கெல்லாம் இலையில் கலவை சாதம் போட்டார். பெண்கள் தாம்பாளங்களை மறுபடி எடுப்பதா, வைப்பதா என்று தயங்கிக்கொண்டு நின்றார்கள். அண்ணி சோற்றுக் கையோடு திரும்பினார்.

"வளையலைக் கொண்டாந்துட்டுத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறது ஆகாது. எல்லாத்தையும் இங்கயே வச்சுட்டுப் போங்க. இங்க இத்தினி புள்ளைங்க இருக்கே, போதாதா?"

பெண்கள் வளையல்களை என் முன்னால் வைத்தார்கள். பெரிய அளவு வளையல்கள் அவை. பிள்ளைகளின் கையில் நிற்கவில்லை. அவற்றை ஒரு கயிற்றில் கோத்து ஜன்னலில் கட்டினேன். பச்சை எத்தனை, சிவப்பு எத்தனை என்று எண்ணுவதற்கு அதைவிட நல்ல சாமான் கன்னியாஸ்திரிகள் பள்ளியில்கூட எங்களுக்கு இருந்ததில்லை.

ஆனால் திங்கட்கிழமை வந்தது நாலே பிள்ளைகள். பக்கத்து வீட்டு அக்கா தன் மகளை அனுப்பினார். மண்டிக்காரரின் மகள் அழுது அடம்பிடித்து வந்தாள். மற்ற வீடுகளில், "மண்ணு பிசையறதுக்கு ஏன் அடுத்த வூட்டுக்கு அனுப்பணும்? நம்ம வாசல்ல இல்லாத மண்ணா?" என்று பேசிக்கொண்டார்கள். இவர் தினமும் ராத்திரி, "எத்தினி?" என்று மட்டும் கேட்பார். நான் விரலைக் காட்டுவேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மண்டிக்காரர் ஸ்டேஷனில் இவரைப் பார்த்து ரூமைப் பற்றி மறுபடி கேட்டாராம்.

பிள்ளைகள் சேர்ந்ததற்கு என் பாட்டோ களிமண்ணோ காரணம் என்று எழுத ஆசைதான். உண்மை அது இல்லை. மத்தியானம் இரண்டு மணி நேரம் பிள்ளை வீட்டில் இல்லையென்றால் தாய்மார் கொஞ்சம் கண்ணயரலாம். பக்கத்து வீட்டு அக்காதான் இதைக் கிணற்றடியில் போட்டு உடைத்தார். "எனக்கு இப்பத்தாம்மா கலியாணத்துக்கு அப்புறம் பகல்ல தூக்கம் வருது" என்றாராம். அந்த வாரமே இன்னும் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். அதற்கடுத்து இரண்டு. ஒன்பது ஆயிற்று. நாலணாவைப் பற்றி நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. யார் வந்தாலும் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். வாசலில் தவலைக்குப் பக்கத்தில் நின்று சிரட்டையால் தண்ணீர் ஊற்றுவதற்குத் தினம் ஒரு பிள்ளையை நிறுத்துவேன். அது பெரிய உத்தியோகம். அதற்காக அடித்துக்கொள்வார்கள்.

ஐப்பசி முடியச் சில நாட்கள் இருந்தன. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வாசலில் கட்டை வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டி நிறையக் கடலை மூட்டை, மேலே பாய் போட்டு மூடி. மண்டிக்காரர் மடித்துக் கட்டிய வேட்டியோடு இறங்கினார். இவர் ஸ்டேஷனில் இருந்தார். வீட்டில் பெரியவள் என்று நான் ஒருத்திதான்.

"மழை வந்துடும்மா. மாசம் பொறக்கறவரைக்கும் காக்க முடியாது. குமாஸ்தா சார்கிட்ட அப்பறம் சொல்லிக்கறேன். புள்ளைங்களைக் கொஞ்சம் எழுப்பு, எறக்கிடலாம்" என்று சொல்லிக்கொண்டே படியில் கால் வைத்தார்.

"அப்பா! கால் கழுவு!"

அன்று தண்ணீர் ஊற்றும் உத்தியோகம் அவர் மகளுக்கு. சிரட்டையை நிறைய மொண்டு கையில் வைத்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள்.

"அட, அப்பாவுக்கு வேலை இருக்குடா கண்ணு."

"கால் கழுவாட்டி உள்ள வரக் கூடாது. யாருமே வரக் கூடாது."

வண்டிக்காரன் சிரித்தான். மண்டிக்காரர் அவனை முறைத்தார். பிறகு காலை நீட்டினார். அவள் பாதி அவர் காலிலும் பாதி தன் பாவாடையிலுமாக ஊற்றினாள். இரண்டாவது காலையும் நீட்டச் சொன்னாள். நீட்டினார். உள்ளே வந்து ஈரக்காலோடு நின்றார். மற்ற எட்டுப் பிள்ளைகளும் களிமண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து அவரைப் பார்த்தார்கள்.

"எங்கம்மா எறக்கறது?" என்று என்னைக் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். தரையில் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தேன். அடுப்பிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"எறக்க முடியாதுங்க வகுப்பு வச்சிருக்கேன் மாசம் நாலணா சம்பளம்."

அவர் ஒரு கணம் விழித்தார். "சம்பளம் மூட்டைக்காம்மா, புள்ளைக்கா?" என்றார்.

"புள்ளைக்குங்க" என்றேன். அதையும் சத்தமாகத்தான் சொன்னேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, ஜன்னலில் தொங்கிய வளையல்களைக் காட்டினாள். "இது அம்மா கொண்டாந்தது. பச்சை. எண்ணட்டா?" எண்ணினாள். நடுவில் ஒன்றை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அவர் முடியும்வரை நின்று கேட்டார். வெளியே தூறல் போட ஆரம்பித்து, "ஐயா, மூட்டை!" என்று வண்டிக்காரன் கூவினான்.

"நம்ம வூட்டுக்கே ஓட்டுடா" என்றார். படி இறங்கும்போது திரும்பி, "வூட்டுல என்னைத் திட்டப்போறா. அதுக்கும் நீதாம்மா பொறுப்பு" என்றார். இடுப்பு மடியிலிருந்து நாலணாவை எடுத்து, என்னிடம் நீட்டக் கூச்சப்பட்டுக்கொண்டு மகளின் ஈரக் கையில் வைத்தார். அவள் அதை ஓர் உருண்டைக் களிமண்ணில் பதித்து என்னிடம் கொடுத்தாள்.

மறுநாள் பத்தாவது பிள்ளையும் வந்தது. அதை அனுப்பியதும் மண்டிக்காரர்தான், அவருடைய தங்கை பிள்ளை. அந்த மழைக்காலம் முழுக்க அவர் வீட்டு முன்னறையில் கடலை மூட்டை இருந்தது. அவர் மகள் எங்கள் முன்னறையில் இருந்தாள். அவர் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எங்க வூட்டுல எலி வந்துடுச்சு, உன்னாலதான்" என்பாள். ஆனால் மாதம் தவறாமல் நாலணா வந்துவிடும்.

அதற்குப் பிறகும் எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. கேட்பவர்கள் இருப்பார்கள் என்பதால் இதை எழுதினேன். அண்ணி வருடத்துக்கு ஒரு தடவை கலவை சாதம் கிளறிக்கொண்டு வருவார். எனக்கு என்று சொல்ல மாட்டார். "புள்ளைங்களுக்கு" என்பார்.

மண்டிக்காரர் வந்துபோன அன்று இவர் மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். வாசல் சேற்றில் வண்டித் தடத்தைப் பார்த்திருந்தார்.

"வந்தாரா?"

"வந்தாரு."

"என்னா சொன்னே?"

"சம்பளம் சொன்னேன்."

"நீயா? வாயைத் தொறந்தா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் நனைந்த சட்டையைக் கழற்றிக்கொண்டே முன்னறைக்குள் நுழையப் போனார்.

"கால் கழுவிட்டு வாங்க" என்றேன்.